தாத்தாவின் அட்டையில் உங்கள் செல்போன் எண் எதற்கு?

தென்காசிப் பக்கம் இ-சேவை மையத்திலோ மருத்துவமனைக் காப்பீட்டு கவுண்டரிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மஞ்சப்பையோடு நீட்டி, "நீயே பாத்துப் போட்டுரு தம்பி" என்பார்கள் பெரியவர்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

முதலில் செல்போன் எண். போன் இல்லை என்று பெரியவர் சொன்னதும், கைக்கு வந்த எண்ணைத் தட்டி வேலையை முடித்துவிடாதீர்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே எண்ணில் பதிவாகியிருந்ததை 2023 ஆகஸ்டில் மத்திய தணிக்கை அறிக்கை அம்பலப்படுத்தியது. தமிழ்நாட்டில் வெறும் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள்! எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். பாதி சோம்பலாகவும் இருக்கலாம். ஆனால் ஓடிபியும் குறுஞ்செய்தியும் வேறெங்கோ போனால், தன் அட்டையை யார் பயன்படுத்தினாலும் பெரியவருக்குத் தெரியாது. கூடவே இருக்கும் மகள் அல்லது பேரனின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான். யாரோ அதில் கைவைத்துவிட்டால், பாட்டிக்கு இதய அறுவை சிகிச்சை என்று வரும்போது மிச்சம் இருக்காது. அடுத்தவரின் நோயும் பாட்டியின் மருத்துவப் பதிவில் ஏறியிருக்கும்.

அடுத்தது கம்ப்யூட்டர். கடை சாத்தும்முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஊர்க்காரர்களின் அட்டை பாதி அதில் கிடக்கும். அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறுங்கள். சரியாக விழாத ஜெராக்ஸைக் கிழித்துப் போடுங்கள்; பழைய பேப்பர் கடைக்குப் போனால் அது வடை மடிக்கவும் வரும், வேறு வேலைக்கும் போகும்.

குற்றாலம் லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீசன் நெரிசலில் காப்பீட்டு அட்டையை யாராவது நீட்டினால் நகல் எடுக்காமல் திருப்பிக் கொடுங்கள்; அறை கொடுக்க அது தேவையே இல்லை. ஆதாரிலும் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் இருந்தால் அதையே வாங்குங்கள்.

ஏஜென்ட் ஒருவர் பத்துப் பேர் அட்டையை மொத்தமாகக் கொண்டுவந்தால்? மறுத்துவிடுங்கள். முதலாளியே சொன்னாலும் சரி. உங்கள் ஐடியில் நடந்த பதிவுக்கு முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

காப்பீட்டுத் திட்ட உதவிக்கு 1800 425 3993, இணைய மோசடியில் பணம் போனால் 1930. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, பெரியவர்கள் கண்ணில் படும்படி கவுண்டரில் இன்றே ஒட்டுங்கள்.