தாழியை உடைப்பது யார்?
(திருக்குறளின் புலவி நுணுக்கத்தை முன்வைத்து ஒரு பார்வை)

‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல’ என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. தேர்வு, வேலை, வணிகம் என எதற்கும் இப்பழமொழி பொருந்தும். காதலுக்குப் பொருத்திப் பார்க்கும்போது மட்டும் ஒரு வேறுபாடு தெரிகிறது. அங்கே தாழி பல நேரங்களில் தானாக உடைவதில்லை. கடைந்துகொண்டிருந்த கையே அதை உடைத்துவிடுகிறது. பெற்றோர் எதிர்த்திருக்க மாட்டார்கள். மூன்றாமவர் குறுக்கே வந்திருக்க மாட்டார். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்தும் இருக்கும். இருந்தும் ஒருவர் தம் உறவைத் தாமே குலைத்துவிட்டு, ‘எனக்குக் கொடுத்து வைக்கவில்லை’ என்று அழுகிறார். ஏன் இப்படி நேர்கிறது? இக்கேள்விக்கு விடை தேட முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் கணக்கியல் பயிலும் மாணவி. உளவியலை விருப்பப் பாடமாக ஒரு பருவம் மட்டுமே படித்திருக்கிறேன். திருக்குறளோடு எனக்குள்ள உறவு தமிழ்ப்பள்ளியில் தொடங்கியது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பாகச் சுருங்கியது. நாங்கள் மனனம் செய்த குறள்கள் எல்லாம் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ளவை. காமத்துப்பாலைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் முதன்முதலாகப் புரட்டினேன். எங்கள் மாணவர் விடுதியில் நள்ளிரவில் கேட்கும் உரையாடல்கள் அங்கே இருக்கக் கண்டு வியந்தேன்.

விடை இல்லாத வினாக்கள்

காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் புலவி (131), புலவி நுணுக்கம் (132), ஊடலுவகை (133) ஆகிய கடைசி மூன்றும் காதலர்களுக்கிடையே எழும் பிணக்கைப் பற்றியவை. இவற்றுள் நடுவில் உள்ள புலவி நுணுக்கம் தனிச்சிறப்பு வாய்ந்தது. இருவரும் கூடியிருக்கும் வேளையில், கோபிப்பதற்குக் காரணமே இல்லாதபோதும், நுண்ணியதொரு காரணம் இருப்பதாக எண்ணிக்கொண்டு தலைவி பிணங்குவதே புலவி நுணுக்கம் என்று பரிமேலழகர் விளக்குகிறார்.

காட்சிகளைப் பாருங்கள். தலைவன் தும்முகிறான். தலைவி வழக்கம்போல் வாழ்த்துகிறாள். மறுகணமே, ‘யார் நினைத்ததால் தும்மினீர்?’ என்று அழுகிறாள். நம் வீடுகளில் இன்றும் புரையேறினால் ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று சொல்கிறோம் அல்லவா? அதே நம்பிக்கைதான். சரி, தும்மினால்தானே வம்பு என்று அவன் அடுத்த தும்மலை அடக்கிக்கொள்கிறான். ‘உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ?’ என்று அதற்கும் அழுகிறாள்.

‘மற்ற யாரையும்விட நாம் மிகுந்த காதல் உடையோம்’ என்கிறான் அவன். ‘யாரைவிட? யாரைவிட?’ என்று கேட்டுப் பிணங்குகிறாள். ‘இப்பிறவியில் பிரியமாட்டோம்’ என்கிறான். அப்படியானால் மறுபிறவியில் பிரிவாரோ என்று அவள் கண் நிறைகிறது. ‘உன்னை நினைத்தேன்’ என்றால், நினைப்பதற்கு முன் மறந்திருந்தீரோ என்கிறாள். பணிந்து சமாதானம் செய்தால், பிற பெண்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்வீர் போலும் என்கிறாள். ஒன்றும் பேசாமல் அவள் அழகையே நோக்கியிருந்தால், யாரோடு ஒப்பிடுகிறீர் என்கிறாள்.

இக்காட்சிகளைப் படிக்கும்போது நாம் சிரித்துவிடுகிறோம். சற்று நிதானித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தலைவி கேட்கும் எந்தக் கேள்விக்கும் சரியான விடை என்று ஒன்று இல்லை. தும்மினாலும் தவறு, தும்மாவிட்டாலும் தவறு. பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

இதே காட்சி இன்று கைப்பேசியில் நடக்கிறது. புலனத்தில் உடனே பதில் அனுப்பினால், ‘கடமைக்கு அனுப்புகிறாய்’. தாமதமாக அனுப்பினால், ‘யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?’ இரட்டை நீலக்குறி விழுந்தும் பதில் வராவிட்டால், அன்றிரவு உறக்கம் போயிற்று. வேண்டுமென்றே இரண்டு நாள் பேசாமல் இருந்து, அவர் தேடி வருகிறாரா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ‘நாம் பிரிந்துவிடலாம்’ என்று சொல்லிவிட்டு, ‘வேண்டாம்’ என்று அவர் கெஞ்சுகிறாரா என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கெஞ்சினால் ஒரு வாரம் நிம்மதி. பிறகு மீண்டும் ஒரு சோதனை. ஒரு நாள் அவர் கெஞ்சாமல், ‘சரி, உன் விருப்பம்’ என்று சொல்லிவிடுகிறார்.

என் விடுதித் தோழி ஒருத்திக்கு இப்படித்தான் நடந்தது. மூன்றாண்டுப் பழக்கம். அந்தப் பருவத்தில் இரண்டு பாடங்களுக்கு அவள் தேர்வே எழுதவில்லை. ‘அவன் என்றாவது விட்டுவிட்டுப் போவான் என்று எனக்கு முன்பே தெரியும்’ என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அச்சம் தன்னைத் தானே மெய்யாக்கும்

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் ஒரு வங்கியின் கதையைச் சொல்கிறார். வங்கி நல்ல நிலையில்தான் இருக்கிறது. அது நொடித்துவிடும் என்று ஒரு வதந்தி பரவுகிறது. அதை நம்பி எல்லோரும் ஓடிவந்து பணத்தை எடுக்கிறார்கள். அதனாலேயே வங்கி நொடித்துப்போகிறது. தவறான ஓர் எதிர்பார்ப்பு, நம் நடத்தையை மாற்றி, தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது. கணக்கியல் மாணவியான எனக்கு இந்த உவமை உடனே பிடிபட்டது. காதலும் நம்பிக்கை வைப்பால் நடக்கும் வங்கிதான்.

இதைக் காதல் உறவில் வைத்து ஆராய்ந்தவர் ஜெரால்டின் டௌனி என்னும் உளவியலாளர். சிலர் புறக்கணிப்பை எப்போதும் அஞ்சி எதிர்பார்க்கிறார்கள். சிறு செயலிலும் அதைக் கண்டுவிடுகிறார்கள். கண்டதும் அளவுக்கு மீறி எதிர்வினை ஆற்றுகிறார்கள். இவ்வியல்பை அவரும் ஸ்காட் ஃபெல்ட்மனும் 1996ஆம் ஆண்டு விளக்கினர். 1998ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் காதலர்கள் நாள்தோறும் எழுதிய குறிப்புகளை டௌனியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். புறக்கணிப்பை மிகுதியாக அஞ்சியவர்களின் உறவுகளே மற்றவர்களின் உறவுகளைவிட அதிகமாக முறிந்திருந்தன. அவ்வச்சம் மிகுந்த பெண்கள் சச்சரவின்போது நடந்துகொண்ட முறையே, துணைவர் அவர்களிடமிருந்து விலகுவதற்கு ஒரு காரணமாக இருந்ததும் தெரியவந்தது. ஆண்களிடம் இத்தொடர்பு அவ்வாய்வில் புலப்படவில்லை. ஆனால் அச்சம் மிகுந்த ஆண்களின் உறவுகளும் முறியத்தான் செய்தன.

ஆகவே இதைப் ‘பெண்புத்தி’ என்று சொல்லிச் சிரிக்க நண்பர்கள் முற்பட வேண்டாம். நான் கண்ட அளவில், பெண்கள் கேள்வி கேட்டு உடைக்கிறார்கள். ஆண்கள் பலர் காணாமல்போய் உடைக்கிறார்கள். உறவு நெருக்கமாகும் நேரத்தில், ‘எனக்குப் படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவள் விட்டுப்போகும் முன் நாமே விலகிவிட்டால் வலிக்காது என்பது அவர்கள் கணக்கு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அச்சம்.

ராக்கெல் பீல், நெரினா கல்டபியானோ ஆகிய ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு, உறவைத் தாமே குலைக்கும் இயல்பை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதில் மூன்று கூறுகள் உள்ளன. எதைச் சொன்னாலும் தற்காப்பாகப் பேசுவது ஒன்று. துணைவரை நம்ப இயலாமை மற்றொன்று. உறவைப் பேணும் திறன் குறைவு மூன்றாவது. இந்த மூன்றாவது கூறு எனக்கு ஆறுதல் அளித்தது. திறன் என்றால் அதைக் கற்றுக்கொள்ள முடியும் அல்லவா?

ஊடலுக்கு உப்பின் அளவு

இங்கே ஒரு வினா எழலாம். வள்ளுவர் காட்டும் தலைவியும் இப்படித்தானே சோதிக்கிறாள்? அவள் உறவு மட்டும் ஏன் முறியவில்லை?

விடை மற்ற இரண்டு அதிகாரங்களில் இருக்கிறது. புலவி உணவுக்கு உப்புப் போன்றது, அதைச் சற்றே நீட்டிப்பது உப்பு மிகுவது போன்றது என்கிறார் வள்ளுவர். உப்பில்லாக் கறியும் வாய்க்கு வழங்காது. உப்புக் கரிக்கும் கறியையும் கொட்டத்தான் வேண்டும். பிணங்கியவரின் பிணக்கைத் தீர்க்காமல் விடுவது, முன்பே வாடிய கொடியை அடியோடு அறுப்பதற்கு ஒப்பாகும் என்றும் சொல்கிறார். ஆக, அளவு காப்பது ஊடுபவரின் கடமை. தீர்த்துவைப்பது எதிரில் இருப்பவரின் கடமை. நாம் வருந்துகிறோம் என்று அறியும் காதலர் இல்லாதபோது வருந்தி என்ன பயன் என்றும் ஒரு குறளில் தலைவன் கேட்கிறான். தன் வருத்தம் எதிரில் இருப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் ஊடல் நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் புலவி நுணுக்கத்தோடு முடிந்துவிடவில்லை. அதற்குப் பின் ஊடலுவகை வருகிறது. ஊடல் காமத்திற்கு இன்பம், ஊடலுக்குப் பின் கூடுவது அதற்கும் இன்பம் என்பதே 1330ஆவது குறளின் கருத்து. 132க்குப் பின் 133 இருக்கிறது என்பது அத்தலைவிக்குத் தெரியும். நம்மில் பலருக்கு 132ஓடு நூல் முடிந்துவிடுகிறது. திரும்பி வரும் வழி திறந்திருந்தால் அது ஊடல். அந்த வழியையும் நாமே அடைத்துவிட்டால் அது தாழியை உடைப்பது.

எனவே நண்பர்களே, சினம் எழும்போது மூன்று வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.

1. நான் கேட்கும் கேள்விக்குச் சரியான விடை ஒன்றாவது உண்டா?
2. நான் வருந்துவது அவருக்குத் தெரியுமா, அல்லது அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறேனா?
3. இப்பிணக்கு தீர்வதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேனா?

மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால், சோதனையைக் கைவிட்டு அச்சத்தையே சொல்லிவிடலாம். ‘ஏன் பதில் அனுப்பவில்லை?’ என்பதற்குப் பதிலாக, ‘நீங்கள் பதில் அனுப்பாதபோது எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லலாம். முதலாவது குற்றச்சாட்டு, அதற்குத் தற்காப்புத்தான் பதிலாக வரும். இரண்டாவதற்கு அன்பாகப் பதில் சொல்ல இடம் இருக்கிறது. சொல்வது எளிதன்று என்பதை அறிவேன். எனக்கும் 22 வயது. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது. எல்லா ஐயமும் நுணுக்கம் ஆகாது. உண்மையாகவே ஏமாற்றுபவரை, அடிப்பவரை, இழிவாகப் பேசுபவரைவிட்டு விலகுவது உறவைக் குலைப்பது ஆகாது; அது தன்னைக் காப்பது. காரணம் இல்லாமல் காரணத்தைத் தேடுவதே நாம் இங்குப் பேசும் நோய்.

வாயில் ஆகும் தோழமை

நம்மில் பலருடைய காதல் வீட்டுக்குத் தெரியாத காதல். ‘படிப்பு முடியட்டும், பிறகு சொல்லலாம்’ என்று மறைத்து வைத்திருக்கிறோம். அதனால் பிணக்கு வரும்போது நடுவில் நின்று பேசப் பெரியவர் ஒருவரும் இருப்பதில்லை. இருப்பவர்கள் நண்பர்கள் மட்டுமே.

தொல்காப்பியக் கற்பியல் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று உதவும் 12 பேரை ‘வாயில்கள்’ என்று பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் முதலில் வைக்கப்பட்டவள் தோழி. வாயில் என்றால் உள்ளே வர வழி. இன்று தோழியின் கைக்குக் கிடைப்பது, உரையாடலின் திரைப்படம் பிடித்த துண்டு ஒன்றுதான். அதைப் பார்த்ததும், ‘விட்டுத் தள்ளு, உனக்கு வேறு ஆளா கிடைக்காது?’ என்று சொல்லிவிடுகிறோம். அது ஆறுதல் போல் தோன்றினாலும் வாயிலை அடைப்பதாகவே முடிகிறது. ‘நீ பயப்படுவதை அவனிடம் சொன்னாயா?’ என்று ஒரு கேள்வி கேட்கும் தோழியே வாயில் ஆகிறாள். அச்சம் நம் பேச்சுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருந்தால், பல்கலைக்கழக ஆலோசகரிடம் உடன் நடந்து செல்வதும் தோழமையே.

முடிவுரை

அன்பை நிரூபிக்கச் சொல்லும் சோதனைகளில் யாரும் என்றும் தேர்ச்சி பெறமுடியாது. ஏனெனில் சோதனை வைப்பவரிடமே விடைத்தாள் இல்லை. தும்மலில் தொடங்கி நீலக்குறி வரை கருவி மாறியதே தவிர அச்சம் மாறவில்லை. அச்சத்தை நம்மால் முற்றிலும் ஒழிக்க இயலாமல் போகலாம். அதற்கு வாய் கொடுத்துப் பேசவைக்க முடியும். பேசிய அச்சம் ஊடலாகி உவகையில் முடியும். பேசாத அச்சமே தாழியின் மேல் கல்லாக விழும். இந்த ஆண்டு நம் வளாகத்தில் ஒரு தாழியாவது உடையாமல் தப்பினால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவள் ஆவேன்.