மல்லிகை ஏன் அழுக்காகத் தெரிகிறது?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் குவித்துவைத்த மல்லிகையை நெருங்கிப் போய், ஃபிரேம் முழுக்கப் பூவே இருக்கும்படி ஆட்டோ மோடில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நாலு நாள் உடுத்திய வேட்டி நிறத்தில் வரும். கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. அதற்குள் இருக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். பாடப்புத்தகங்களில் இதை 18 சதவீதச் சாம்பல் என்று எழுதியிருப்பார்கள். முன்னால் இருப்பது பூவா, சுண்ணாம்புச் சுவரா, யானையா என்பது அதற்குத் தெரியாது.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் ஒன்று அல்லது ஒன்றரைக்குத் தள்ளினால் மல்லிகை வெள்ளைக்குத் திரும்பிவிடும். கோயில் மண்டபத்துக் கருங்கல் தூணுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். மைனஸ் ஒன்று வைக்காவிட்டால் கல் வெளிறிப்போகும். விஸ்காம் படிக்க வந்த புதிதில் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று மூன்றையும் முக்கோணம் போட்டு மனப்பாடம் செய்தேன். அந்த முக்கோணம் எனக்குப் புரிந்தது இந்தப் பூக்குவியலின் முன்னால்தான். எஃப் 4-இலிருந்து 5.6-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும். ஷட்டரை 125-இலிருந்து 60-க்கு இறக்கினால் இரட்டிக்கும். இப்படிப் பாதியாவதோ இரட்டிப்பதோ ஒரு ஸ்டாப். எத்தனை ஸ்டாப் ஏற்ற வேண்டும், எத்தனை இறக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதை முடிவுசெய்ய வேண்டியது நாம்தான். மீட்டர் ஒரு யோசனை சொல்லும், அவ்வளவே.

முகங்களுக்கும் இது பொருந்தும். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர், நடுவில் கறுத்த முகம் என்றால் கேமரா வெள்ளையை அடக்கப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். அதே முகத்தை நெருங்கி எடுத்தால் அதை வெளுக்க வைக்கும். கல்யாண ஆல்பங்களில் இதையே சேவையாகச் செய்கிறார்கள், மணமகளின் சொந்த நிறம் எங்கேயோ காணாமல் போகிறது. என் கட்சி எளிது: முகம் அதன் நிறத்தில் வரட்டும், சுவர் கொஞ்சம் வெளிறினால் பாதகமில்லை.

அடுத்தது வெளிச்சம். யூடியூபில் கற்பவர்கள் எல்லோரும் 'கோல்டன் ஹவர்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சூரியன் உதித்ததிலிருந்து ஒரு மணி நேரம் பொன் வெளிச்சம் கிடைக்கும் என்பார்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை வடக்கே வெகுதூரத்தில் எடுக்கப்பட்டவை. மதுரை ஏறத்தாழ 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். பொன் வெளிச்சம் ஏறத்தாழ 6 டிகிரி உயரம் வரைதான்; அடிவானத்திலிருந்து அதை எட்ட நமக்குச் சுமார் 25 நிமிடம் போதும். லண்டனில் அதே உயரத்துக்குப் பருவத்தைப் பொறுத்து சுமார் 40 முதல் 55 நிமிடம் வரை ஆகும். ஆகவே உதயத்துக்கு முன்பே போய் இடம் பிடித்து நில்லுங்கள். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் பாதி வெளிச்சம் போயிருக்கும்.

வெயில் ஏறியபின் கேமராவை உறையில் போட்டுவிட வேண்டும் என்பதையும் நான் ஏற்பதில்லை. உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும், உண்மைதான். ஆனால் ஆளை இரண்டடி நகர்த்தித் திண்ணை ஓரத்திலோ வாசற்படிக்கு உள்ளேயோ உட்காரவைத்தால், தெருவில் பட்டுத் தெறிக்கும் வெயில் முகத்தில் மெதுவாகப் படியும். பழைய வீட்டு முற்றம் கிடைத்தால் அதிர்ஷ்டம், காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ விளக்கில்கூட அந்த வெளிச்சம் வராது. எங்கள் ஆசிரியர் ஒருவர், இயக்குநர் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் எழுதச் சொன்னார். கதை தெரிந்தவர்களுக்கு அது எரிச்சலான வேலை. எனக்கு மற்ற எந்த வகுப்பையும்விட அதில் அதிகம் கிடைத்தது.

நிறத்தையும் கவனியுங்கள். மார்க்கெட்டுகளில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். நம் கண் சீக்கிரம் பழகிக்கொள்ளும், கேமரா பழகாது. அதன் அடியில் உட்கார்ந்திருப்பவர் முகம் நீலம் பாய்ந்து வரும். ஒயிட் பேலன்ஸ் கொஞ்சம் உதவும். தார்ப்பாய் விளிம்புக்கு வெளியே பார்த்து உட்காரும் ஆளைத் தேடுவது அதைவிட நல்லது.

கம்போசிஷனுக்கு வருவோம். பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "அம்மா, ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்டேன். "என்னைய எடுக்குறியா, பூவை எடுக்குறியா?" என்றார். "ரெண்டையும்தான்" என்றேன். "ரெண்டுல ஒண்ணச் சொல்லுப்பா." பூவை மட்டும்தான் என்றால் முந்தானையைச் சரிசெய்ய வேண்டியதில்லை, அதற்காகத்தான் கேட்டார். எனக்கோ அந்தக் கேள்வி கையோடு வந்துவிட்டது. ஷட்டரை அழுத்தும் முன் படம் எதைப் பற்றியது என்று ஒரு சொல்லில் சொல்ல முடியாவிட்டால், எந்தக் கோட்டில் வைத்தாலும் அது நிற்காது. 'விரல்கள்' என்று சொல்லிக்கொண்டதும் முழங்காலிட்டு நெருங்கினேன். தராசும் பிளாஸ்டிக் கூடையும் பின்னால் நின்ற பைக்கும் தாமாகவே வெளியேறின.

ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் பொருளை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை எல்லோரும் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797-இல் கிராமப்புறக் காட்சிகளைப் பற்றிய தம் நூலில் அந்தப் பெயரில் எழுதியது அது. வானமும் வயலும் உள்ள படத்துக்கு அருமையாகப் பொருந்தும். திருமலை நாயக்கர் மகாலுக்குள் போய் அதைக் கடைப்பிடித்தால் கட்டடம் ஒரு பக்கம் சரிந்தமாதிரி இருக்கும். இருபுறமும் ஒரே அளவில் தூண்களை நிறுத்திக் கட்டிய இடத்தில் நடுவில்தான் நிற்க வேண்டும், அதுவும் மிகச்சரியான நடுவில். ஒரு சாண் விலகினாலும் தெரிந்துவிடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பின்னால் நடந்து, கேமராவை மட்டமாகப் பிடியுங்கள்.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் மதுரையின் கோயிலையும் அரண்மனையையும் படமெடுத்தார். பெரிய பெட்டிக் கேமரா, வெளிச்சம் பதிய நெடுநேரம் பிடிக்கும் நெகட்டிவ். நினைத்த மாத்திரத்தில் இன்னொன்று எடுக்க முடியாததால், எங்கே நிற்பது என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். அந்தப் படங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. அவர் எந்தத் தூணை ஓரத்தில் வெட்டினார், எதை முழுதாக விட்டார் என்று பாருங்கள்.

ஓரங்களைப் பார்க்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லை. கண் நடுவிலேயே நிற்கும். அழுத்துவதற்கு முன் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள்: பாதி ஃபிளெக்ஸ் பேனர், வெட்டுப்பட்ட கை, யாரோ ஒருவரின் செருப்பு. மின்கம்பியை மட்டும் மன்னித்துவிடலாம். கம்பியில்லாத மாசி வீதியைத் தேடிப் போனால் படமே எடுக்க முடியாது.

லென்ஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. எல்லோரும் முதலில் 50 எம்எம் வாங்கச் சொல்வார்கள். மாணவர்கள் வாங்கும் சிறிய சென்சார் கேமராக்களில் அது 75, 80 எம்எம் போலக் குறுகலாகப் பார்க்கும். முகத்துக்கு நல்லது, ஆனால் சந்துக்குள் பின்னால் போக இடமில்லாமல் முதுகு சுவரில் இடிக்கும். கேமராவோடு வரும் 18-55 போதும், அவசரப்படாதீர்கள். அடுத்து ஷட்டர் வேகம். அதைப் பழக டீக்கடையைவிட நல்ல இடம் கிடையாது. மாஸ்டர் ஆற்றும்போது 500-இல் எடுத்தால் துளிகள் தனித்தனியே அந்தரத்தில் நிற்கும், 30-இல் எடுத்தால் பட்டு நாடாவாக நீளும். கையை உடம்போடு ஒட்டி, மூச்சை அடக்கிப் பிடியுங்கள். ஒரு டீ வாங்கிவிட்டு எடுத்தால் அண்ணன் இன்னொரு முறையும் ஆற்றுவார்.

ஆட்களிடம் கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு நிமிடம்தான் போகும். பிறகு அவரவர் வேலையில் இறங்கிவிடுவார்கள், அப்போது எடுங்கள். கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தால், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சொல்லிவிட்டுப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிப் பூ மார்க்கெட்டில் நிறையப் பேர் சொல்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் கேமராவோடு போகிறவன்தான் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.