விமானப் பயிற்சியாசிரியர் மீண்டும் மாணாக்கராதல்

பல்லாண்டு ஆகாய விமானம் ஓட்டிய ஒருவர், இடையில் விட்டுவிட்ட பயிற்சியாசிரியத் தொழிலுக்குத் திரும்ப விரும்புவாராயின், அவர் நேரே சென்று கற்பிக்கத் தொடங்கலாமோ? ஆகாது என்பதே விதி. அவ்விதியின் காரணத்தை நாம் இங்குச் சிறிது ஆராய்வோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-ஆம் ஆண்டு வெளிவந்த விமானிகள் விதித்தொகுதியின்படி, புதிதாய்த் தேறிய ஆசிரியர் முழு உரிமை பெற்றவரல்லர். முழு உரிமையுடைய மற்றோராசிரியரின் மேற்பார்வையிலேயே அவர் கற்பித்தல் வேண்டும். மாணாக்கனை முதன்முறை தனியே பறக்க அனுமதிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. 100 மணி நேரம் விமானத்திற் கற்பித்து, மாணாக்கர் தனித்துப் பறத்தலை 25 முறையேனும் மேற்பார்த்த பின்னரே இத்தடை நீங்கும். ஆசிரியத் தகுதியோ மூன்றாண்டு வரையிற்றான் செல்லும். அது காலாவதியானால் மறுபயிற்சி பெற்று, பரீட்சகர் முன் கற்பித்துக் காட்டுதல் வேண்டும்; இவ்விரண்டும் விண்ணப்பத்திற்கு முந்திய 12 மாதத்துள் நிகழ்தல் வேண்டும்.

நன்றாய் ஓட்டத் தெரிந்தவருக்கு இது எதற்கு எனின், முதலாவது, அவர் இருக்கை மாறுகின்றது. இருவர் அருகருகே அமரும் சிறு விமானத்தில் மாணாக்கன் இடப்புறத்தான், ஆசிரியர் வலப்புறத்தார். இடக்கையாற் பிடித்த சுக்கானை இப்பொழுது வலக்கையாற் பிடிக்கின்றார். கருவிகளோ பெரும்பாலும் மாணாக்கனுக்கு எதிரே உள்ளன; ஆசிரியர் அவற்றைச் சாய்வாய் நோக்குகின்றார். விமானத்தின் மூக்கும் தொடுவானமும் சேர்ந்து தோன்றும் தோற்றமும் வேறு. ஆகவே அவர் இறங்கும் வகையைத் தாமே மறுபடி பழக வேண்டியவராகின்றார்.

இரண்டாவது, ஓட்டிக்கொண்டே பேசுதல். 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்னும் படைத்தலைவர் பயிற்சி முறையைச் சீர்திருத்தியபோது, ஆசிரியரும் மாணாக்கரும் பறக்கும்பொழுதே உரையாடுதற்கு ஒரு குழாயைப் பயன்படுத்தினர். அபாய நிலைகளை ஒளித்துவையாது, மாணாக்கனை அவற்றுள் இட்டு மீளக் காட்டுதலே அவர் கொள்கை. அக்குழாய் இன்று வழக்கொழிந்தது. கையும் வாயும் ஒருங்கே இயங்கவேண்டும் என்னும் தொல்லை மட்டும் ஒழிந்ததில்லை. அனுபவம் மிக்க விமானியே இதில் அதிகம் தடுமாறுவார். அவர் கை தானே வேலை செய்வது. செய்வது இன்னதென்று அவர் சொல்லிப் பழகியவரல்லர்.

மூன்றாவதே மிகக் கடினம். தரைக்குச் சற்று மேலே மாணாக்கன் மூக்கை உயர்த்தத் தாமதிக்கின்றான். நெடுநாள் தாமே ஓட்டியவர் சட்டெனச் சுக்கானைப் பற்றிக்கொள்வார். இறக்கம் நன்றாய் முடியும். மாணாக்கனோ ஒன்றும் கற்றிலன். சற்று அதிகம் பொறுத்தாலோ சக்கரம் முறியும். எவ்வளவு பொறுக்கலாம் என்பதை எந்த நூலும் கூறாது. பல மாணாக்கரின் பிழைகளை அருகிருந்து கண்டே அறிதல் வேண்டும். பற்றுங்கால், விமானம் தம் கையிலுள்ளதென்று வாய்விட்டுரைத்து, மாணாக்கனும் அதை ஏற்றுரைக்கச் செய்தல் இன்றியமையாதது. இருவரும் பிடித்திருத்தலினும், ஒருவரும் பிடியாதிருத்தல் கொடிது.

தடை நீங்கிய பின்னர் ஒரு நாள் அவர் தரையில் இறங்கி, தம் இருக்கையின் வார்களைக் கட்டிவைத்துவிட்டு, மாணாக்கனைத் தனியே விடுவார். ஓராளின் எடை குறைந்தமையால் விமானம் முன்னினும் விரைவாய் ஏறும். இறங்குங்கால் நெடிது மிதக்கும். திரும்பி வந்த ஆசிரியர் இதனை நன்கறிவார். ஆயினும் கதவைச் சாத்துமுன் அவனிடம் சொல்ல நினைத்தாரா என்பதே கேள்வி.