சம்பள நாளும் சாப்பாட்டு வேளையும்

கோவை ஆவாரம்பாளையத்தில் பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய லேத் பட்டறை எங்களுடையது. ஞாயிறு ஆராதனை, வீட்டில் குடும்ப ஜெபம், லெந்து நாட்களில் உபவாசம் எல்லாம் உண்டு. ஆனால் நான் யாருடைய சீஷன் என்பது ஊருக்குத் தெரிவது சனிக்கிழமை சாயங்காலம்தான். அன்றைக்குத்தான் வாரச் சம்பளம்.

இந்த வட்டாரத்தில் ஜாப் ஒர்க் செய்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சரக்கு போய்விடும், பில் போய்விடும், பணம் மட்டும் வராது. சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மூன்று மாதம் இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இழுவையை அப்படியே வேலைக்காரர் தலையில் இறக்கி வைப்பது சுலபம். "பார்ட்டி இன்னும் பணம் போடலீங்க, திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றால் முடிந்தது. கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24-ஆம் அதிகாரம். கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே முறையிடும் என்கிறது யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம். இவற்றைப் பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, சனிக்கிழமை கையை விரிக்க முடியாது.

எங்களுக்குக் கைகொடுத்த வழி ஒன்று உண்டு. எந்தப் பேமென்ட் வந்தாலும் கூலிக்கான பங்கை முதலில் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். மெட்டீரியல் வாங்கவோ கரண்ட் பில் கட்டவோ அதைத் தொடுவதில்லை, காணிக்கைக்குக்கூடத் தொடுவதில்லை. ஒரு மாதக் கூலி அதில் நிற்காத வரை புது மெஷின் பேச்சை எடுப்பதில்லை. கூலி பாக்கியை வைத்துக்கொண்டு தசமபாகம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது அடுத்தவர் பணம்.

அடுத்தது செய்யும் வேலை. ஆழ்குழாய் பம்பின் ஷாஃப்ட்டில் புஷ் உட்காரும் இடம் அளவு குறைந்துபோனால் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும். பாலிஷ் போட்டு மற்றவற்றோடு கலந்து அனுப்பினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். பம்ப்பும் ஓடும். ஆனால் ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் ஆடும், இம்பெல்லர் உரசும், சீக்கிரமே தேய்ந்துபோகும். எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் சாதாரணம். அவ்வளவு ஆழத்திலிருந்து மோட்டாரை வெளியே எடுக்க வண்டி வர வேண்டும், ஆள் வர வேண்டும், அதுவரை தென்னையும் மஞ்சளும் காயும். அந்த விவசாயி பல்லடத்திலோ காங்கயத்திலோ இருப்பார். நான் அவரைப் பார்க்கப்போவதே இல்லை. பிறனை நேசி என்ற கட்டளையில் எனக்கு வாய்த்த பிறன் அவர்தான். அளவு தவறிய ஷாஃப்ட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் தொட்டு ஓரமாக வைத்துவிடுவோம். நஷ்டம்தான், அதற்காக யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் ஒழுக்கம்தானே, பக்தி எங்கே என்று கேட்கலாம். கோவைத் திருமண்டலத்துக்கு 1950-இல் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி இதற்கு வழிகாட்டியிருக்கிறார். பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் சுவிசேஷத்தைத் தமிழ் பக்தி மரபோடு சேர்த்து ஆராய்ந்தவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி 1927-இல் நூல் எழுதினார். இயேசுவும் பிதாவும் ஒன்றாயிருப்பது அன்பிலும் சித்தத்திலும் ஒன்றாயிருப்பது என்பது அவருடைய விளக்கம். எனக்கு அது பெரிய வெளிச்சம். கண்ணீர் மல்கப் பாடுவது பக்தி. ஆண்டவருடைய சித்தத்தோடு என் சித்தம் ஒத்துப்போவதும் பக்தி. இரண்டாவதை முதலாவது ஈடுகட்டாது. அதனால் விடிகாலையில் நிறைய அதிகாரங்களை ஓட்டுவதை விட்டுவிட்டேன். யோவான் 15 போன்ற ஒரே அதிகாரத்தை வாரம் முழுக்க வாசிக்கிறேன். முடித்ததும், அன்றைக்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், யாரோடு சமாதானம் ஆக வேண்டும் என்று ஒரு பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்தாரோடு பழகுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சாமியைப் பற்றிக் குறைத்துப் பேசாதீர்கள். எழவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போங்கள். கேட்டால் மறைக்காமல் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள்.

கொங்கு நாட்டில் சீஷத்துவத்துக்குக் கடினமான இடம் சாதி. லண்டன் மிஷனின் அடிஸ் 1830-இல் கோவைக்கு வந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக எந்தச் சாதியார் சமைத்ததையும் சாப்பிட வேண்டும் என்றது. லண்டன் மிஷனும் அதற்கு உடன்பட்டது. ஈரோட்டுப் பக்கம் அருந்ததியர் குடும்பங்கள் சுமந்து வளர்த்த சபைகள் எத்தனையோ உண்டு. அதே கிராமங்களின் டீக்கடைகளில் அவர்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்ததும் நமக்குத் தெரியும்.

பட்டறையில் மத்தியானம் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து, குழம்பைப் பகிர்ந்துகொண்டு சாப்பிடுகிறோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான். எங்கள் மூத்த டர்னர், "ஏங்கண்ணு, அங்க எதுக்குப் போற? இப்படி வந்து உக்காரு, அந்தப் பொரியல இங்க தள்ளு" என்றார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நான் செய்ய வேண்டியதை எனக்கு முந்திச் செய்தார்.

ஆனால் பந்தியில் விட்ட சாதி கல்யாணப் பேச்சில் திரும்பி வந்துவிடுகிறது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணிய இரண்டு குடும்பங்கள், வரன் பார்க்கும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கின்றன. இதைச் சபைகள் வெளிப்படையாகப் பேச வேண்டும்; வாலிபர் கூட்டத்தில் மட்டும் பேசினால் போதாது, பெற்றோர் இருக்கும் ஞாயிறு ஆராதனையிலேயே பேச வேண்டும். எங்கள் மகளுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் கொடுத்த படிவத்தில் சாதி கேட்டிருந்த கட்டத்தை என் மனைவி கோடு போட்டு அடித்துக் கொடுத்தாள். "இப்படிக் குடுத்தா நல்ல எடம் அமையாதுங்கம்மா" என்று அவர் இன்னொரு படிவத்தை நீட்டினார். அதிலும் அந்தக் கட்டத்தை அடித்துத்தான் கொடுத்தாள்.