வீட்டில் சிறு அலுமினிய வேலைகளுக்கேற்ற பற்றவைப்புக் கருவி

இந்திய இல்லங்களுக்கு அலுமினியம் புதியதன்று. 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். அன்று சமையலறையளவில் நின்ற இவ்வுலோகம் இன்று சன்னல் சட்டம், ஏணி, எஞ்சின் மூடி எனப் பல வடிவங்களில் வீட்டிலும் வயலிலும் பயன்படுகின்றது. பொருள்கள் பெருகப் பெருகப் பழுதுகளும் பெருகுவது இயல்பு. ஆகவே, சிறு வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள எந்த வெல்டிங் கருவியை வாங்கலாம் என்னும் வினா களப் பணியாளரிடமும் தொழிற்கல்வி ஆசிரியரிடமும் எழுகின்றது. இரும்பைப் பற்றவைக்கும் கருவியே அலுமினியத்திற்கும் போதும் என நம்பிப் பணத்தை இழப்பவர் உண்டு. எனவே, விலையை நோக்குமுன் உலோகத்தின் இயல்பையும் வேலையின் தன்மையையும் அறிதல் வேண்டும்.

உலோகத்தின் இயல்பு

காற்றுப்பட்ட அலுமினியத்தின்மேல் உடனே மெல்லிய ஆக்சைடுப் படலம் படிகின்றது. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும்; இப்படலமோ ஏறத்தாழ 2,050 டிகிரியிற்றான் உருகும். ஆதலின், உள்ளே உலோகம் நீராய் உருகிய பின்னரும் மேலே படலம் தோல்போல் நின்று, இரு துண்டுகளின் உலோகமும் ஒன்றுகலவாதபடி தடுக்கின்றது. இப்படலத்தை அகற்றும் வழி எதுவோ, அதுவே பற்றவைப்பு முறைகளை வேறுபடுத்துவது.

மற்றோர் இயல்பு வெப்பங்கடத்தும் திறன். அலுமினியம் மென்னெஃகைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஒரே அளவுள்ள இரும்புக் கம்பி, அலுமினியக் கம்பி ஆகியவற்றில் மெழுகினால் குண்டூசிகளை ஒட்டி, ஒரு முனையைச் சூடேற்றினால், அலுமினியக் கம்பியின் ஊசிகளே முந்தி விழும். வகுப்பறையில் இச்சோதனையை எளிதிற் காட்டலாம். கொடுத்த வெப்பம் இவ்வாறு பரவிவிடுவதால் குறுகிய நேரத்தில் மிகுந்த வெப்பம் தர வேண்டியுள்ளது. மேலும், இரும்பைப்போல் அலுமினியம் செந்நிறமாகி எச்சரிப்பதில்லை. நிறம் மாறாமலே இளகித் துளை விழுந்துவிடும்.

வேலையை அறிதல்

பொருள் எவ்வுலோகம், அதன் தடிமன் என்ன, அது தாங்கவேண்டிய பாரம் யாது என்னும் மூன்று வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும்.

அலுமினியம்போல் தோன்றும் வார்ப்புகள் சில, துத்தநாகக் கலவையாக இருக்கும். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. பொருளை நிறுத்து, நிரம்பிய நீரில் அமிழ்த்தி, வழிந்த நீரை அளக்க வேண்டும். 200 கன சென்டிமீட்டர் நீரை வெளியேற்றும் பொருள் 540 கிராம் அளவில் இருப்பின் அதன் அடர்த்தி 2.7, அஃது அலுமினியம். 1,300 கிராமுக்கு மேற்படின் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அத்தகைய வார்ப்பு 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுமாதலின் அலுமினிய முறைகள் அதற்குப் பொருந்தா.

சன்னல் சட்டங்களுக்குப் பெரிதும் பயன்படும் 6063 எண் கலவை நன்கு பற்றும். இதற்கும் சிலிக்கன் கலந்த வார்ப்புகளுக்கும் 4043 எண் நிரப்புக் கம்பி ஏற்றது. மக்னீசியம் கலந்த 5052 போன்ற தகடுகளுக்கு 5356 எண் கம்பி ஏற்றது. விமானங்களுக்குப் பயன்படும் 2024, 7075 ஆகிய கலவைகள் பற்றவைப்பில் வெடிப்புறுவன. அவற்றை விட்டுவிடுதலே நலம்.

முறைகளும் கருவிகளும்

1. தாழ்வெப்பப் பற்றுக்கம்பி: துத்தநாகமும் அலுமினியமும் கலந்த இக்கம்பி 400 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகும். இதற்குப் புரொபேன் ஊதுவிளக்கும் துருவேறா எஃகுத் தூரிகையும் போதும். கம்பியைச் சுடரிற் காட்டாது, பொருளையே சூடேற்றி, உருகிய கம்பியின் அடியில் மேற்பரப்பைச் சுரண்டிப் படலத்தை நீக்க வேண்டும். சிறு துளைகளையும் பாரம் தாங்காத மூடிகளையும் இவ்வாறு அடைக்கலாம். வலிமை வேண்டும் இடத்திற்கும் சமையற் பாத்திரத்திற்கும் இஃது ஆகாது.

2. ஆக்சிஜன்-அசெட்டிலீன் சுடர்: இங்கே படலத்தைக் கரைப்பது குளோரைடும் புளோரைடும் கலந்த இளக்கி. அதன் எச்சம் உலோகத்தை அரிக்குமாதலின் வெந்நீரில் தேய்த்துக் கழுவியாக வேண்டும். கைத்திறம் மிகுதியும் தேவைப்படுவதோடு, அசெட்டிலீன் சிலிண்டரை வீட்டில் வைத்திருப்பது அபாயகரமானது.

3. பூச்சுள்ள மின்கம்பி: இரும்பு வேலைக்குரிய நேர்திசை மின் இயந்திரத்திலேயே அலுமினியக் கம்பியை நேர்முனையில் இணைத்துப் பற்றவைக்கலாம். ஆயினும் கம்பி விரைந்து எரியும். பூச்சு எளிதில் ஈரம் உறிஞ்சும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டிற்கு இம்முறை ஏலாது.

4. மிக் முறை: இதிற் கம்பி உருளையிலிருந்து தானே ஓடிவரும். நீண்ட இணைப்புகளுக்கும் தடித்த தகடுகளுக்கும் இது சிறந்தது. மெல்லிய அலுமினியக் கம்பி குழாயில் மடங்கிச் சிக்கிக்கொள்வதால் உருளை பொருத்திய தனித் துப்பாக்கி தேவைப்படும். இரும்புக்குரிய கரியமிலவாயுக் கலவை இதற்கு உதவாது. தூய ஆர்கானே வேண்டும்.

5. டிக் முறை: பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என வழங்குவது இதுவே. உருகாத டங்ஸ்டன் முனைக்கும் பொருளுக்கும் இடையே மின்வில் எழுகின்றது. ஆர்கான் வாயு காற்றை விலக்குகின்றது. மாறுதிசை மின்சாரத்தில், டங்ஸ்டன் நேர்முனையாகும் அரைச்சுற்று படலத்தைச் சிதைக்கும். எதிர்முனையாகும் அரைச்சுற்று பொருளுக்கு வெப்பம் ஊட்டும். இளக்கியின்றியே தூய இணைப்புக் கிட்டுவதற்குக் காரணம் இதுதான். மெல்லிய தகட்டு வேலைக்கு இதனினும் ஏற்ற முறை இல்லை எனலாம்.

வாங்குவோர் தவறுவதும் இங்கேதான். டிக் என்ற பெயருடன் குறைந்த விலையில் விற்கப்படும் இன்வெர்ட்டர் இயந்திரங்களுட் பல, நேர்திசை மின்சாரம் மட்டுமே தருவன. அவை எஃகுக்கு உதவும். அலுமினிய வேலைக்குப் பயன்படா. இயந்திரத்தின் விவரத் தகட்டில் ஏசி, டிசி ஆகிய இரண்டும் வெளியீடாகக் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

மின்னிணைப்பும் வாயுவும்

டிக் முறையில் 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் எனக் கணக்கிடலாம். 3 மில்லிமீட்டர் தகட்டிற்கு 120 ஆம்பியர் வேண்டும். மின்வில்லின் அழுத்தம் 15 வோல்ட்டு எனக் கொண்டால் ஆற்றல் 1,800 வாட்டு. இயந்திரத்தின் இழப்பையும் திறன் காரணியையும் கருதினால், 230 வோல்ட்டு வீட்டு இணைப்பிலிருந்து 14 ஆம்பியர் அளவில் இழுக்கப்படும். ஆகவே, 16 ஆம்பியர் செருகியின் எல்லை ஏறக்குறைய இவ்வளவே. 5 மில்லிமீட்டர் வேலைக்கு இதனைப்போல் இரு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுமாதலின் அதனை வீட்டில் மேற்கொள்ளலாகாது.

10 லிட்டர் நீர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆர்கான் அடங்கும். நிமிடத்திற்கு 8 லிட்டர் செலவாயின் மூன்று மணி நேரம் மின்வில் எரியலாம். அண்மையில் ஆர்கான் நிரப்பித் தருவோர் இல்லாத ஊரில் இயந்திரம் வாங்குவது வீண்.

பாதுகாப்பு

மின்வில்லின் புறஊதாக் கதிர் பளபளப்பான அலுமினியத்திற் பட்டுத் திரும்பும். கண்ணுக்கு ஏற்ற அடர்வுள்ள கண்ணாடிக் கவசமும், உடலை மூடிய பருத்தி உடையும், தோற் கையுறையும் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கக் குளோரின் கலந்த கரைப்பான்களைப் பயன்படுத்தலாகாது. மின்வில்லின் அருகே அவற்றின் ஆவி பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறக்கூடும். அசிட்டோனால் துடைத்து, அது முற்றும் உலர்ந்தபின், அலுமினியத்திற்கென்றே ஒதுக்கிய தூரிகையால் தேய்த்தல் நன்று.

வீட்டில் எக்காரணத்தாலும் தொடலாகாத பொருள்களும் சில உள. அழுத்தச் சமையற்கலத்தைப் பற்றவைத்தலாகாது; இணைப்பு நன்கு தோன்றினும் அழுத்தத்திற் பிளந்து உயிரைப் பறிக்கலாம். பெட்ரோல் தொட்டி காலியாயினும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். ஏணியும் அவ்வாறே. வெப்பப் பதனத்தால் வலிமை பெற்ற கலவை, பற்றவைத்த இடத்தின் அருகே அவ்வலிமையிற் பாதியளவை இழந்துவிடக்கூடும். புறத்தே பழுதற்றதாய்த் தோன்றும் அவ்வேணி, ஏறியவரைக் கைவிடும்.

முடிவு

ஆண்டுக்கு இரண்டொரு துளை அடைக்கும் வீட்டிற்குத் தாழ்வெப்பக் கம்பியும் ஊதுவிளக்கும் போதும். தகடுகளை இணைப்பதற்கு ரிவெட் ஆணியே பலவிடங்களிற் சிறந்த வழி. எப்போதாவது எழும் வலுவான வேலையை ஆர்கான் பட்டறைக்கு அனுப்புவது சிக்கனம். மாதந்தோறும் 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வேலை உடையவரும், பயிற்சிக்குப் பொழுது ஒதுக்கக் கூடியவருமே ஏசி வெளியீடுள்ள டிக் இயந்திரம் வாங்கத் தக்கவர். களப் பணியாளரும் ஆசிரியரும் கருவியின் பெயரைக் கூறுமுன் பழுதுற்ற பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பாராயின், பல குடும்பங்களின் பொருட்செலவையும், சில வேளை உயிரையும் காத்தவராவர்.