மின்சுற்று முறிப்பான் அடிக்கடி விழுவது ஏன்?

வாயிற்கதவருகே உள்ள மின்பெட்டியில் வரிசையாக நிற்கும் விசைகளுள் ஒன்று திடீரெனக் கீழே விழுகிறது. வீட்டின் ஒரு பகுதி இருளில் மூழ்குகிறது. விசையை மேலே தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். மறுநாளும் அதுவே நிகழ்கிறது. ‘இதைவிடப் பெரிய அளவில் ஒன்றைப் பொருத்திவிட்டால் தொல்லை தீரும்’ என்னும் எண்ணம் அப்போது பலருக்கும் எழுகிறது. அவ்வெண்ணமே ஆபத்தானது. ‘எம்.சி.பி.’ என வழங்கும் மின்சுற்று முறிப்பான், சுவருக்குள் ஓடும் கம்பியைக் காக்கும் கருவி. அது எப்போது, எவ்வாறு விழுகிறது என்பதைக் கவனித்தால் குறை எங்கே உள்ளது என்பதைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம்.

பழைய கம்பியும் புதிய சுமையும்

1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதன் திட்டத்தில் உருவான மாட்டுங்காவில் பல கட்டிடங்கள் 1920, 1930களில் எழுந்தவை. சில விளக்குகளும் மின்விசிறியும் வானொலியுமே அன்றைய வீட்டின் தேவை. இன்று அவ்வீடுகளில் கீசர், ஏ.சி., இண்டக்ஷன் அடுப்பு ஆகியன இயங்குகின்றன. தாராவியிலோ கீழே தையற்பட்டறையும் மேலே குடும்பமும் ஒரே இணைப்பைப் பகிரும் இடங்கள் உண்டு. செம்பூரின் புதிய அடுக்ககங்களிலும், ஒரே சுற்றில் பல கருவிகளைச் சேர்த்தால் இதே சிக்கல் நேரும்.

சற்று நேரம் கழித்து விழுந்தால்

இது மிகைச்சுமையின் அடையாளம். 230 வோல்ட் மின்சாரத்தில் 16 ஆம்பியர் சுற்று தாங்கும் சுமை 3,680 வாட். 2,000 வாட் கீசர், 1,800 வாட் இண்டக்ஷன் அடுப்பு, 1,500 வாட் மின்கெட்டில் ஆகிய மூன்றும் அச்சுற்றில் ஒருசேர இயங்கினால் மொத்தம் 5,300 வாட். அதாவது 23 ஆம்பியர். முறிப்பானுக்குள் உள்ள ஈருலோகப் பட்டை மெல்லச் சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஆகவேதான் அது உடனே விழாமல் தாமதித்து விழுகிறது. கீசரை அணைத்தபின் அடுப்பை ஏற்றுவது உடனடித் தீர்வு. கீசருக்குத் தனிச்சுற்று அமைப்பது நிலையான தீர்வு.

சுமை குறைவாக இருந்தும் விழுகிறதெனில், மின்பெட்டியில் கம்பி முனை தளர்ந்து சூடேறுகிறதா எனப் பார்க்கச் செய்ய வேண்டும். கருகிய வாடை வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

போட்டவுடன் விழுந்தால்

விசையைத் தள்ளிய கணமே விழுந்தால், கம்பிகள் ஒன்றையொன்று தொடும் குறுக்குச்சுற்றாக இருக்கலாம். மீண்டும் மீண்டும் தள்ளிப் பார்க்கலாகாது.

மோட்டார் புறப்படும் கணத்தில் மட்டும் விழுவது வேறு வகை. தையல் இயந்திரமோ ஏ.சி. கம்ப்ரஸரோ இயங்கத் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ‘பி’ வகை முறிப்பான் தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலும், ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கிலும் நொடியில் துண்டிக்கும். இத்தகைய சுற்றுக்கு மின்பணியாளரின் ஆலோசனையுடன், ஆம்பியரை மாற்றாமல், ‘சி’ வகையைப் பொருத்தலாம்.

மழைக்காலத்தில் விழுந்தால்

‘ஆர்.சி.சி.பி.’ என்னும் கசிவு முறிப்பான், சுற்றுக்குள் செல்லும் மின்சாரத்தையும் திரும்பி வருவதையும் ஒப்பிடுகிறது. வங்கிப் பேரேட்டில் வரவையும் செலவையும் சரிபார்ப்பதைப் போல. வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே அது விழுந்துவிடும். அந்தக் குறைவு மனித உடல் வழியாகவும் சென்றிருக்கலாம். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில் ஈரமேறிய சுவர், பால்கனி சுவிட்சு, பழுதான கீசர் ஆகியவற்றில் கசிவு தோன்றும். தொல்லை தருகிறதென இக்கருவியை நீக்கி நேரிணைப்புத் தருவது உயிரைப் பணயம் வைப்பதாகும். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று.

நீங்களே செய்யத்தக்க சோதனை

1. எல்லாக் கருவிகளின் பிளக்குகளையும் கழற்றுங்கள். கை உலர்ந்திருக்கட்டும்.
2. விசையை ஒருமுறை மேலே தள்ளுங்கள். உடனே விழுந்தால் கம்பியிலோ முறிப்பானிலோ குறை இருக்கலாம், சோதனையை நிறுத்திவிடுங்கள்.
3. நின்றால், கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்து இயக்குங்கள். எதனை இயக்கும்போது விழுகிறதோ அதனைப் பழுதுபார்க்கக் கொடுங்கள்.
4. தனித்தனியே இயங்கி, சேர்ந்தால் மட்டும் விழுமாயின் அது மிகைச்சுமையே.

பெரிய முறிப்பான் ஏன் கூடாது?

2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் முறிப்பானைப் பொருத்தினால் முறிப்பான் விழாது; கம்பி சூடேறும். சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரை தாங்குவதற்கே உரியது. அதற்கு மேல் உறை இளகும், தீப்பற்றவும் கூடும். கம்பியை மாற்றாமல் முறிப்பானின் அளவை உயர்த்தலாகாது.

வீட்டின் மொத்தத் தேவையே பெருகியிருந்தால், அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்த விண்ணப்பியுங்கள். மாட்டுங்காவிலும் தாராவியிலும் மின்சாரம் வழங்குவது பெஸ்ட்; செம்பூரில் அதானி எலக்ட்ரிசிட்டி, டாடா பவர் ஆகியவை. மீட்டருக்குப் பிந்தைய கம்பிகள் வீட்டாரின் பொறுப்பு. அவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் ‘மெக்கர்’ கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். வாடகை வீடாயின் உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அடுத்த முறை விசை விழும்போது, அதை மேலே தள்ளும் முன் அந்நேரத்தில் எவையெவை இயங்கின எனக் குறித்துவையுங்கள். மின்பணியாளருக்கு அக்குறிப்பே முதல் தடயம்.