எலுமிச்சைச் சரக்குகளை அடைக்கும் முறை
பாலியெஸ்டர் படலம் ஒட்டிய உலோகத்தின் உபயோகம்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு எலுமிச்சை நன்கு பழகிய பயிராகும். மேற்கேயுள்ள புளியங்குடிச் சந்தையிலிருந்து கேரளத்திற்கும் பிற இடங்களுக்கும் மூட்டை மூட்டையாகப் பழம் செல்லுகிறது. கோடையில் விலை ஏறுவதும், வரத்து மிகும் மாதங்களில் பறிகூலிக்கும் கட்டாதபடி இறங்குவதும் யாவரும் அறிந்ததே. விலை இறங்கிய காலத்தில் பழத்தை ஊறுகாயாகவும் ரஸமாகவும் செய்து வைப்பது நஷ்டத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாகும். ஆனால் சரக்கை அடைக்கும் கலம் தவறாக அமையுமாயின் பழம், உப்பு, எண்ணெய், கூலி ஆகிய யாவும் ஒருங்கே வீணாகும். ஆதலின் இவ்விஷயம் கவனித்து அறியத்தக்கது.

1. எலுமிச்சைக்கும் உலோகத்திற்கும் உள்ள பகை

எலுமிச்சை ரஸத்தில் நூற்றுக்கு 6 முதல் 7 பங்கு வரை சிட்ரிக் அமிலம் உண்டு. ஊறுகாயில் இதனோடு உப்பும் சேர்கிறது. அமிலம் வெள்ளீயத்தையும் இரும்பையும் சிறிது சிறிதாகக் கரைக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் வாயு மூடிய டப்பாவை உப்பச் செய்யும். அலுமினியத்தின் மேல் இயற்கையாக அமைந்துள்ள காப்புப் படிவை உப்பு துளைப்பதால், நாளடைவில் ஊசித்துளைகள் விழும். உலோகம் கரைந்த உணவின் நிறமும் ருசியும் கெடுவதோடு, அளவு மீறினால் உடலுக்கும் தீங்கு விளையும். டப்பாவிலடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கும், பானங்களில் 150 மில்லிகிராமுக்கும் மேல் வெள்ளீயம் இருத்தலாகாது என்பது சர்வதேச உணவு விதி.

எண்ணெய் வந்த பழைய தகர டின்னில் ஊறுகாயைக் கொட்டி வைத்தல் இக்காரணத்தால் அறவே விலக்கத்தக்கது. அத்தகைய டின் எண்ணெய்க்கென்று செய்யப்பட்டது, அமிலத்தைத் தாங்குவதற்கன்று.

2. காப்புப் படலத்தின் தோற்றம்

தகர டப்பாவில் உணவை அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1810-ஆம் வருஷத்தில் காப்புரிமை வழங்கப்பட்டது. அமிலமுள்ள பண்டங்கள் தகரத்தை அரிப்பதைக் கண்டு, பிற்காலத்தார் டப்பாவின் உட்புறத்தில் வார்னிஷ் பூசலாயினர். இதற்குப் பெரிதும் பயன்பட்ட எபாக்ஸி வார்னிஷில் பிஸ்பெனால்-ஏ என்னும் இரசாயனம் சேர்கிறது. உணவு படும் பொருள்களில் இதன் உபயோகத்தைத் தடுக்கும் விதியை ஐரோப்பியக் கூட்டமைப்பு 2024 டிசம்பரில் இயற்றியது.

வார்னிஷுக்குப் பதிலாக அமைந்த மற்றொரு முறையே பாலியெஸ்டர் படலம். பாலியெஸ்டரை இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்ஸன் என்னும் இரசாயனிகள் 1941-இல் இழையாகக் கண்டனர். பின்னர் அது மெல்லிய படலமாகவும் செய்யப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிலுள்ள டோயோ சைகான் கம்பெனியார், உருக்குத் தகட்டின் இரு புறமும் இப்படலத்தை ஒட்டிப் பானங்களுக்கான டப்பா செய்யலாயினர்.

3. தகட்டில் படலம் ஒட்டும் விதம்

குரோமியம் பூசிய உருக்குத் தகடு முதலில் சூடேற்றப்படுகிறது. பாலியெஸ்டர் சுமார் 250 முதல் 260 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அவ்வுஷ்ணத்திற்கு வந்த தகட்டின் மேல் படலத்தை உருளைகள் அழுத்தும்போது, தகட்டைத் தொடும் பாகம் உருகிப் பற்றிக்கொள்ளும். உடனே அதனைத் தண்ணீரில் குளிரச் செய்வர். மெல்ல ஆறவிட்டால் பாலியெஸ்டர் பளிங்குபோல் இறுகி, தகட்டை டப்பாவாக இழுக்கும்போது வெடித்துவிடும். சட்டென்று குளிர்ந்த படலமோ தகட்டோடு சேர்ந்து வளைந்து நீளும். படலமே வழுக்கல் தருவதால் மசகெண்ணெயும், அதனைக் கழுவும் தண்ணீரும் மீதமாகின்றன.

இக்காப்பு முழுமையாக இருக்கும்வரையே பயன் தரும். ஒரு கீறல் விழுந்தாலும் அமிலத்தின் வேலை முழுவதும் அவ்விடத்திலேயே கூடி, தகடு துளைபட்டுப் போகும். ஆகவே நசுங்கிய டப்பாவைப் புறக்கணித்தல் வேண்டும். திறந்த டப்பாவில் கத்தியோ இரும்புக் கரண்டியோ இட்டுக் கிளறுதலும், அதனையே மறுபடி நிரப்புதலும் கூடா.

4. சிறு உற்பத்தியாளருக்கு ஏற்ற பைகள்

டப்பா செய்வது பெரிய ஆலைகளின் வேலை. கிராமச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் உபயோகிக்கத்தக்கது பல அடுக்குப் பையே. இதில் வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டரும், நடுவே சுமார் 9 மைக்ரான் அலுமினியத் தாளும், உள்ளே தடித்த பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீனும் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாலியெஸ்டர் வலிமை தந்து, ஒட்டும் கருவியின் சூட்டைத் தாங்கும். அலுமினியம் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கும். உள்ளடுக்கு சூட்டில் இளகி வாயை மூடும். டப்பாவில் உணவைத் தொடுவது பாலியெஸ்டர். பையில் தொடுவதோ இவ்வுள்ளடுக்கே. இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

எலுமிச்சைத் தோலிலுள்ள வாசனை எண்ணெயில் பெரும்பங்கு லிமோனின் என்னும் வஸ்து. பாலியெஸ்டர் இதனை மிகச் சிறிதே ஏற்கும். பாலித்தீனோ உறிஞ்சி ஊதும். அதனால் வாசனை குறைவதோடு, உள்ளடுக்கு அலுமினியத்தைவிட்டுக் கழன்றும் போகும். மசாலாப் பொடிக்கு உதவிய பை எலுமிச்சை ஊறுகாய்க்கு உதவாமற் போவது இதனாலேயே. வாங்கும்போது, ஊறுகாய்க்கென்றே செய்த பைதானா என்று வியாபாரியிடம் கேட்டறிதல் வேண்டும்.

5. எளிய சோதனைகள்

(அ) பையைப் பிரகாசமான விளக்கிற்கு எதிரே பிடித்துப் பார்க்க. ஒளி மங்கலாகத் தெரியின் அது அலுமினிய ஆவி படிந்த படலமே. அப்படிவு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. தாள் உள்ள பையில் ஒளி ஊடுருவாது. மடித்தால் மடிந்தபடியே நிற்கும். நெடுநாள் வைக்கும் சரக்கிற்குத் தாள் உள்ள பையே தக்கது.

(ஆ) ஒட்டிய பையைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்துக. குமிழி வந்தால் ஒட்டு பழுது. பெரும்பாலும் வாயில் எண்ணெய் பட்டிருப்பதே காரணம். நிரப்பியபின் வாயைச் சுத்தமான துணியால் துடைத்தே ஒட்டுதல் வேண்டும்.

(இ) பத்துப் பைகளை நிரப்பி, உஷ்ணமான அறையில் ஒரு மாதம் வைத்து அறுத்துப் பார்க்க. உள்ளடுக்கு நகத்தால் உரிந்தால் அப்பையை மொத்தமாக வாங்கலாகாது.

எலுமிச்சை ரஸம் மிகுந்த புளிப்புள்ளதாதலின் அதனைப் பாதுகாக்கக் கொதிநிலைக்கு உட்பட்ட சூடே போதும். பருப்பு, காய்கறி போன்ற புளிப்பற்ற பண்டங்களுக்கு அழுத்தத்தில் 121 டிகிரி வரை உஷ்ணம் வேண்டும். தவறினால் உயிருக்கே அபாயம். தக்க கருவியின்றி அவற்றை அடைக்க முயலுதல் கூடாது.

6. முடிவு

பல அடுக்குப் பையை அடுக்கடுக்காகப் பிரித்தல் அரிது. வயலில் எறிந்தால் மட்காது. எரித்தால் புகை கேடு. ஆகவே அண்மையில் விரைவாக விற்கும் சரக்கிற்குக் கண்ணாடிப் புட்டியும் பீங்கான் ஜாடியுமே உத்தமம். தூர தேசத்திற்கு அனுப்புவதற்கும் மாதக்கணக்கில் இருப்பு வைப்பதற்கும் மட்டுமே பையை நாடலாம். ஐயமுள்ள விஷயங்களை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திற்கு எழுதித் தெரிந்துகொள்ளலாம். விலை இறங்கிய காலத்துப் பழத்தைப் பணமாக்க விரும்பும் குடியானவர்கள், பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தை அதனை அடைக்கும் கலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டுவார்களாக.